கால் மைல் ஓட்டமும் மலைநாட்டு ஏற்றமும்

கொழும்புக் கோட்டையில் புகையிரதம் ஏறும் ஒரு பிரயாணி, ஏறக்குறைய 290 கிலோமீற்றர் தூரம் மலையும் மடுவும் கடந்து வந்து, இதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை என்னும் இடத்தில் இறங்குவானாயின், அவன் வந்து சேர்ந்த ஊர் பதுளை என்று அறிந்துகொள்ளலாம். வழியிலே பட்டிப்பொலையை அடுத்து 6,226 அடி உயரத்தை அவன் தொட்டிருப்பான். பின்னர் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று படிப்படியாக இறங்கி, ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் ஊரை அடைந்திருப்பான். யன்னலோரத்தில் இருந்து அருவிகளையும் தேயிலை மலைகளையும் கண்டு மகிழ்ந்தவன், தன்னை இவ்வளவு உயரத்துக்கு இழுத்து வந்த விசை எவ்வாறு சக்கரத்தைச் சென்றடைந்தது என்று எண்ணியிருப்பானோ, அறியேன். எண்ணாதது அவன் குற்றமுமன்று. விசை பழுதின்றிச் சக்கரத்தை அடையும் வரையில் அதனைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை.

நான் முப்பது ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவன். ஊவா என்றால் 1818 ஆம் ஆண்டின் கிளர்ச்சியையும், கோப்பியின் வீழ்ச்சியையும், தேயிலையின் எழுச்சியையும் பேசிப் பழகியவன். இயந்திரங்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். அந்த உரிமையை எனக்குத் தந்தவர் என்னுடைய பழைய மாணவர் ஒருவர். அவர் இப்பொழுது வாகனங்கள் திருத்தும் சிறிய கராஜ் ஒன்றை நடத்துகிறார். காலையிலும் பிற்பகலிலும் தோட்டத்துப் பிள்ளைகளைத் தம்முடைய வானில் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுவந்து, மீண்டும் லயத்து வாசலில் இறக்கிவிடுகிறார். மோட்டார்ப் பந்தயங்களிலும் அவருக்குத் தீராத ஆசை உண்டு.

சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் என்னிடம் வந்தார். “சேர், வானின் டோர்க் கொன்வேட்டரைக் கழற்றிவிட்டுப் பந்தயத்துக்கென்று திருத்திய ஒன்றைப் பூட்டப் போகிறேன். நின்ற இடத்திலிருந்து அம்பு போலப் புறப்படும்” என்றார். அதே கியர்ப் பெட்டிக்குப் பொருந்தும்படி உள்ளே தகடுகளை மாற்றி அமைத்த ஒன்று அவருக்கு மலிவாகக் கிடைத்திருந்தது. “தம்பி, அது என்ன பொருள், எதற்காகப் பிறந்தது, யாருக்காகத் திருத்தப்பட்டது என்று முதலில் எனக்குச் சொல்லும்” என்றேன். அவர் சொல்லத் தொடங்கினார். தெரியாத இடங்களை நான் நூல்களில் தேடினேன். எங்கள் இருவருடைய அந்தத் தேடலின் பயனே இந்தப் பேச்சு.

விசையின் கதையை மாட்டிலிருந்தே தொடங்க வேண்டும். கண்டி இராச்சியக் காலத்தில் உப்பும் கருவாடும் மேலே ஏறியதும், பாக்கும் தானியமும் கீழே இறங்கியதும் பொதிமாடுகளின் முதுகில். அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்தைத் தாவளம் என்பர். பின்னர் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. வண்டிப் பாதைகள் வெட்டப்பட்டன. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த எங்கள் முன்னோர் கால்நடையாகவே இம்மலைகளை ஏறினர். 1869 ஆம் ஆண்டில் இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் ஒரு செந்நிற நோய் காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கோப்பி மாண்டது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியபோதும் ஏற்றம் மாறவில்லை. தேயிலைப் பெட்டி ஏற்றிய வண்டிக்காரன் பாரத்தையும் சரிவையும் பார்த்தே மாட்டைப் பூட்டினான். சமதரையில் விரைந்தோடும் இளங்காளையை மலைவண்டியில் கட்டினால், அது முதல் வளைவில் பாய்ந்து இரண்டாம் வளைவில் படுத்துவிடும் என்பதை அவன் எந்த நூலையும் படித்து அறிந்தவன் அல்லன்.

அடுத்து வந்தது நீராவி. 1867 இல் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும் அடைந்த புகையிரதப் பாதை, 1893 இல் அப்புத்தளைக்கும் 1894 இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924 ஆம் ஆண்டிலேயே எங்கள் நிலையம் திறக்கப்பட்டது. இப்பாதையின் கடுமையான சரிவு 44 க்கு 1 ஆகும். அதாவது, 44 அடி முன்னே சென்றால் ஓர் அடி உயர வேண்டும். அதற்குமேல் சரிவைக் கூட்டினால் எஞ்சின் இழுக்காது, சக்கரம் வழுக்கும் என்று கணக்கிட்டவர்கள், தெமோதரையிலே பாதையை ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தின் வழியாகச் செல்லும்படி வளைத்தார்கள். குறுக்கே போயிருந்தால் தூரம் குறைந்திருக்கும். ஆனால் வண்டி ஏறியிராது. விசையின் எல்லையை அறிந்து வழியை வகுத்தவர்களின் பணிவை அந்த வளைவில் நான் காண்கிறேன்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நீராவி எஞ்சினுக்குக் கிளச்சும் இல்லை, கியரும் இல்லை. சக்கரம் அசையாமல் நிற்கும்போதே நீராவி உந்துதண்டை முழுப் பலத்துடன் தள்ளும். பெற்றோலாலும் டீசலாலும் ஓடும் எஞ்சினோ அப்படிப்பட்டதன்று. அது தானே சுழன்றுகொண்டிருந்தால்தான் உயிரோடிருக்கும். நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுக்குக் கீழே தாழ்ந்தால் அடங்கிவிடும். ஆகவே, சுழலும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் இணைக்க இடையிலே ஒரு தரகன் தேவைப்பட்டான். கிளச்சும் பற்சக்கரப் பெட்டியும் அந்தத் தரகனாயின. ஆனால் அத்தரகன் முரடன். காலை மெல்ல எடுக்கத் தெரியாத சாரதியின் கையில் வண்டி துள்ளும்; ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்கும்; கிளச்சுத் தட்டுக் கருகி மணம் வீசும். மலைநாட்டில் பஸ் ஏறியவர்கள் அந்த மணத்தை அறிவார்கள்.

இதற்கு வேறொரு தரகன் பிறந்தது சாலையிலும் அன்று, தண்டவாளத்திலும் அன்று, கப்பலில். ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரில் 1877 இல் பிறந்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்னும் பொறியியலாளர், ஸ்டெட்டின் துறைமுகத்திலிருந்த வுல்கன் கப்பல் கட்டும் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நாளில் கப்பல்களுக்கு நீராவிச் சுழலிகள் வரத் தொடங்கியிருந்தன. சுழலி மிக விரைவாகச் சுழன்றால்தான் நன்கு உழைக்கும். கப்பலின் உந்துவிசிறியோ மெல்லச் சுழன்றால்தான் நீரை நன்கு தள்ளும். இவ்விரண்டுக்கும் இடையே நிற்கத்தக்க பெரும் பற்சக்கரங்களைச் செய்வது அக்காலத்தில் அரிதாயிருந்தது. ஃபொட்டிங்கர் இரும்புப் பல்லுக்குப் பதிலாகத் திரவத்தையே தரகாக்கினார். ஓர் இறைப்பியையும் ஒரு சுழலியையும் ஒரே கூட்டுக்குள் நெருக்கமாக வைத்து, ஒன்று வீசும் திரவத்தை மற்றது உடனே வாங்கிக்கொள்ளும்படி அமைத்து, 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். முறுக்குவிசை மாற்றி எனத் தமிழில் சொல்லத்தக்க டோர்க் கொன்வேட்டர் பிறந்தது அப்பொழுதுதான்.

அது இயங்கும் விதத்தைத் தோட்டத்து நேயர்கள் மற்றவர்களைவிட எளிதில் உணர்வார்கள். முன்னாளில் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றை மலையோடையின் நீரே ஓட்டியது. குழாயின் வழியே பாய்ந்து வந்த நீர் சக்கரத்தின் தகடுகளில் மோத, அச்சுத் தண்டு சுழல, வார்ப்பட்டிகள் ஓட, கொழுந்து அரைபட்டது. இப்பொழுது அந்த ஓடையை ஒரு வட்டப் பெட்டிக்குள் அடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் தகடுகள் எண்ணெயை வீசுகின்றன. எதிரே கியர்ப் பெட்டியோடு சேர்ந்த தகடுகள் அந்த வீச்சை வாங்கிச் சுழல்கின்றன. இரண்டுக்கும் இடையில் இரும்புத் தொடர்பு ஏதும் இல்லை. ஆதலால் சக்கரம் நின்றாலும் எஞ்சின் அடங்குவதில்லை.

இவ்விரண்டின் நடுவே மூன்றாவதாகச் சிறிய சக்கரம் ஒன்று உண்டு, ஸ்டேட்டர் என்பர். வேலை முடித்துத் திரும்பிவரும் எண்ணெய் எஞ்சினை எதிர்த்து மோதாதபடி அதன் திசையைத் திருப்பி, எஞ்சினுக்குத் துணையாக அனுப்புவது அதன் தொழில். அது ஒரு பக்கத்துக்கு மாத்திரமே சுழலும். மறுபக்கம் திரும்ப முயன்றால் பிடித்துக்கொள்ளும். இந்தத் துணையினால், வண்டி நின்ற இடத்திலிருந்து புறப்படும் தருணத்தில் எஞ்சினின் முறுக்குவிசை இரண்டு மடங்காகவும், சிலவற்றில் இரண்டரை மடங்காகவும் பெருகிச் சக்கரத்தை நோக்கிச் செல்கிறது. வண்டி வேகம் பிடித்து, வாங்கும் சக்கரம் வீசும் சக்கரத்தின் வேகத்தில் நூற்றுக்கு 85 அல்லது 90 பங்கை எட்டும்போது பெருக்கம் மறைந்து, விசை உள்ளது உள்ளபடியே செல்கிறது. ஏற்றத்துக்குத் துணை மாடு கட்டுவதும், சமதரையில் அவிழ்த்துவிடுவதும் போன்றது இது.

கப்பலில் பிறந்த கருவி சாலைக்கு வந்த கதையும் சுவையானது. 1920 களில் இலண்டன் பஸ்களில் பிரயாணம் செய்த ஹரல்ட் சின்கிளேயர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், வண்டி புறப்படும்போதெல்லாம் ஏற்படும் துள்ளலைப் பொறுக்கமாட்டாமல், ஃபொட்டிங்கரின் வழியைப் பின்பற்றி எளிய திரவ இணைப்பு ஒன்றை உருவாக்கினார். அதில் ஸ்டேட்டர் இல்லை, ஆகவே விசை பெருகாது, மென்மையாகச் செல்லும், அவ்வளவே. 1930 இல் டெயிம்லர் நிறுவனம் அதனைத் தன் கார்களில் அமைத்தது. இலண்டனின் ஆர்.டி. வகை இரட்டைத்தட்டு பஸ்களிலும் அது இடம்பெற்றது. 1958 ஆம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் நாட்டின் பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், அவ்வகை பஸ்கள் பெருந்தொகையாக இலண்டனிலிருந்து இங்கே வந்தன. கொழும்பு வீதிகளில் அந்தச் செந்நிற பஸ்களில் பிரயாணம் செய்த முதியவர்கள், ஃபொட்டிங்கரின் கண்டுபிடிப்பின் மேல்தான் தாங்கள் அமர்ந்திருந்தோம் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவிலே 1939 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் திரவ இணைப்போடு கூடிய தானியங்கிக் கியர்ப் பெட்டியை ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்கு வழங்கியது. 1948 இல் பியூக் கார்களில் விசையைப் பெருக்கும் முழுமையான கொன்வேட்டரே வந்தது. புகையிரதமும் பின்தங்கவில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நல்கிய எஞ்சின்களோடு 1954 இல் தொடங்கிய எம் 2 வகை டீசல் எஞ்சின்கள், மின்சாரத்தைத் தரகாகக் கொண்டவை. 1969 இல் ஜெர்மனியின் ஹென்ஷல் நிறுவனத்திலிருந்து வந்த டபிள்யூ 1 வகை எஞ்சின்களோ திரவத்தைத் தரகாகக் கொண்டவை. ஆக, நீராவிக்குப் பின் தரகன் இன்றி ஏற்றம் இல்லை என்றாயிற்று. இனி எழுவது, எந்தத் தரகன் எந்த வேலைக்கு உரியவன் என்னும் கேள்வி ஒன்றே.

இந்தக் கேள்வி கூர்மை பெற்ற இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கே வறண்ட ஏரித் தரைகளில் பழைய கார்களைத் திருத்தி ஓட்டிய இளைஞர்கள், பின்னர் நகரச் சாலைகளில் ஆபத்தான முறையில் போட்டியிடத் தலைப்பட்டனர். அவர்களை வீதியிலிருந்து விலக்கிப் பாதுகாப்பான ஓடுதளங்களுக்குக் கொண்டுவரும் நோக்கத்துடன் வொலி பார்க்ஸ் என்பவர் 1951 இல் ஒரு தேசிய சங்கத்தை நிறுவினார். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும், விளக்கு எரியும், நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி ஓடும், முந்தியது வெல்லும். டிராக் பந்தயம் எனப்படுவது இதுவே. அதற்குள்ளும் காலப்போக்கில் வேகம் எல்லை மீறியது. 2008 இல் ஸ்கொட் கலிட்டா என்னும் வீரர் உயிரிழந்தபின், மிக விரைவான வகுப்புகளுக்கு ஓட்டத் தூரத்தை 1,000 அடியாக அச்சங்கமே குறைத்தது.

கால் மைல் ஓட்டத்தில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் புறப்பாட்டிலேயே முடிவாகின்றன. பந்தய எஞ்சின் தாழ்ந்த சுற்றில் பலமற்றது. உயர்ந்த சுற்றிலேயே அதன் பலம் எழும். ஆகவே பந்தயக்காரர் தடையை அழுத்திப் பிடித்துக்கொண்டே எஞ்சினை முடுக்குகிறார். சக்கரம் நிற்க, எஞ்சின் எந்தச் சுற்று வரையில் ஏறி மேலே போக முடியாமல் நிற்கிறதோ, அந்தச் சுற்றை ஸ்டோல் வேகம் என்பர். சாதாரணக் கார்களில் இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,600 முதல் 2,400 சுற்று. பந்தயத்துக்கென்று அமைத்தவற்றில் 4,000, 5,000 என்றும் அதற்கு மேலும் செல்லும். பொதுவாகக் கொன்வேட்டரின் விட்டம் குறையக் குறைய இவ்வேகம் உயரும். சாலைக்குரியவை பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலம். பந்தயத்துக்குரியவை 8, 9 அங்குலம். பந்தயக்காரர் தம்முடைய எஞ்சினின் உச்ச முறுக்குவிசை எந்தச் சுற்றில் எழுகிறதோ, அதற்கு அண்மையில் ஸ்டோல் வேகம் அமையுமாறு தேர்ந்தெடுக்கிறார். அவர் வரையில் அது சரியே.

ஆனால் ஸ்டோல் வேகம் கொன்வேட்டரின் மேல் பொறித்த மாறாத எண் அன்று. அதே கொன்வேட்டரைப் பலமுள்ள எஞ்சினோடு சேர்த்தால் எண் உயரும். பலம் குறைந்ததோடு சேர்த்தால் தாழும். மலையின் உயரமும் அதை மாற்றும். மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 100 மீற்றருக்கும் எஞ்சினின் பலம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு குறைகிறது. டேர்போ பூட்டிய எஞ்சின்களில் இக்குறைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. டேர்போ இல்லாத வண்டி ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் நிற்கும்போது, கடற்கரையில் இருந்த பலத்தில் ஏழில் ஒரு பங்கை இழந்திருக்கும். கொழும்பில் 2,000 சுற்று என்று அளந்த ஸ்டோல் வேகம் அங்கே 1,850 ஐ ஒட்டி நிற்கும். ஒருவர் கொழும்பில் கண்டு புகழ்ந்த பொருள் பதுளையிலும் அவ்வாறே நடக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு.

இனி, என் மாணவருடைய வானுக்கு வருவோம். டயரின் சுற்றளவு 2 மீற்றர் என்று கொள்வோம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மலை ஏறினால், நிமிடத்துக்கு 666 மீற்றர். சக்கரம் 333 சுற்றுச் சுற்றும். பின்னச்சின் விகிதம் 4, இரண்டாம் கியரின் விகிதம் ஒன்றரை என்றால், கியர்ப் பெட்டிக்குள் நுழையும் தண்டு 2,000 சுற்றுச் சுற்றும். தொழிற்சாலை பூட்டிய கொன்வேட்டருக்கு இது இயல்பான வேலை. அது ஏறக்குறைய இணைப்பு நிலையில் உழைக்கும். 3,500 சுற்றில் ஸ்டோல் ஆகும் பந்தயக் கொன்வேட்டரோ, பாரத்தோடு ஏறும்போது அந்த 2,000 இல் ஒருபோதும் பிடித்துக்கொள்ளாது. எஞ்சின் கூவிக்கொண்டு மேலே போகும், வண்டி பின்தங்கும். இடைப்பட்ட வழுக்கல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறும். பந்தயத்தில் இந்த வழுக்கல் சில நொடிகளில் முடிந்துவிடும். பின்பு வண்டி ஆறும். மலைச்சாலையிலோ அது அரைமணி நேரம் நீடிக்கும்.

அவ்வெப்பம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்த்தோம். வண்டி அசையாமல் நிற்க, எஞ்சின் 40 கிலோவாட் சக்தியைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுழலாதபடியால் அத்தனையும் வெப்பமே. 2 கிலோவாட் மின்கேத்தல்கள் 20 ஐ ஒரே எண்ணெய்ப் பெட்டிக்குள் வைத்துக் கொதிக்கவைப்பதற்கு அது சமம். ஆதலாலேதான் ஸ்டோல் சோதனையை ஐந்து நொடிக்குமேல் செய்யக் கூடாது என்று திருத்துவோர் கட்டளை இடுகின்றனர். கியர் எண்ணெய் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையில் இருந்தால் நலம். அதனைக் கடந்து நெடுநேரம் நின்றால் எண்ணெய் கருகும். முத்திரை வளையங்கள் இறுகும். கியர்ப் பெட்டியின் உராய்வுத் தட்டுகள் வழுக்கும். நடுமலையில், பிள்ளைகள் உள்ளே அமர்ந்திருக்க, வண்டி மேலே போக மறுக்கும்.

ஏற்றத்தைவிட இறக்கமே எனக்குப் பெரிய கவலையைத் தந்தது. இறங்கும்போது சாரதி காலை எடுத்துத் தாழ்ந்த கியரில் விட்டால், சக்கரம் எஞ்சினைச் சுழற்ற முயலும், எஞ்சின் மறுக்கும், அந்த மறுப்பே வண்டிக்கு ஒரு தடையாகும். எல்லயின் ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து வெல்லவாயவின் தாழ்நிலத்துக்கு இறங்கும் சாலையில் இந்தத் துணையின்றிப் பிரேக்கை மாத்திரம் நம்புவது பேதைமை. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு அதே சாலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அந்த விபத்துக்கும் நான் பேசும் கருவிக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல வரவில்லை; அச்சாலை பிழையைப் பொறுக்காத சாலை என்றே சொல்கிறேன். பிடிப்பு இளகிய பந்தயக் கொன்வேட்டர், ஏறும்போது வழுக்குவதைப் போலவே இறங்கும்போதும் வழுக்கும். எஞ்சினின் மறுப்பைச் சக்கரத்துக்கு முழுமையாகச் சொல்லாது. கொன்வேட்டரின் உள்ளே இரண்டு சக்கரங்களையும் இறுகப் பூட்டும் லொக்-அப் கிளச்சு இருந்தால் இக்குறை பெரிதும் நீங்கும். பந்தயத்துக்கென்று திருத்தியவற்றுள் பல அதனை நீக்கியவை. என் மாணவர் கொண்டுவந்ததும் அத்தகையதே.

பந்தயத்தை நான் பழிப்பவன் அல்லன். நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 இலிருந்து புகழ் பெற்றது. எங்கள் மாவட்டத்தின் தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் ஓட்டத்தைக் காண ஏப்ரல் விடுமுறையில் குடும்பம் குடும்பமாக மக்கள் திரள்வர். ஆயினும் 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி அந்த ஓட்டத்தில் ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் உயிர் நீத்தனர். எல்லை வகுத்து, காவல் வைத்து, மருத்துவ வண்டி நிறுத்தி நடத்தும் இடத்திலேயே இப்படி நேருமாயின், எல்லையும் காவலும் இல்லாத பொதுச் சாலையில் பந்தயக் கருவியைப் பூட்டி ஓட்டுவதை என்னவென்பது!

இவற்றையெல்லாம் நானும் அவரும் இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து பேசினோம். நான் அவருக்கு அறிவுரை கூறினேன் என்று எண்ண வேண்டா. கணக்கிட்டவர் அவரே, என் வீட்டுக் கரும்பலகையில் எழுதியவரும் அவரே. முடிவிலே ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எஞ்சினின் பலம் எந்தச் சுற்றில் எழுகிறது? வண்டி எவ்வளவு பாரம் சுமக்கும்? நாள்தோறும் ஓடும் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் இருக்கும். அது ஸ்டோல் வேகத்துக்கு மேலேதானா? எண்ணெயைக் குளிரவைக்க என்ன வழி உண்டு? இறங்கும்போது எஞ்சின் எவ்வளவு தடுக்கும்? நாள்தோறும் சாலையில் ஓடும் வண்டிக்குக் கொன்வேட்டர் தேர்ந்தெடுப்போர், எந்த நாட்டில் இருந்தாலும், இவ்வைந்தையும் கேட்டே ஆக வேண்டும். முதல் கேள்விக்கு மாத்திரம் விடை தேடுகிறவர் கால் மைலுக்கு உரியவர். ஐந்துக்கும் விடை தேடுகிறவரே மலைநாட்டுச் சாலைக்கு உரியவர்.

அவர் வானில் பழைய கொன்வேட்டரே இருக்கிறது. அதற்கென்று ஓர் எண்ணெய்க் குளிர்விப்பானை மேலதிகமாகப் பூட்டியிருக்கிறார். வாங்கிய பந்தயக் கொன்வேட்டரை விற்கவும் மனமில்லை. கராஜின் மூலையில் துணி சுற்றி வைத்திருக்கிறார். என்றாவது பந்தயத்துக்கென்றே ஒரு கார் செய்து, அதற்குரிய களத்தில் ஓட்டப் போவதாகச் சொல்கிறார். அந்த நாளில் நானும் சென்று, தூரத்தில், வேலிக்குப் பின்னால் நின்று கைதட்டுவேன்.

நேயர்களே, 44 அடிக்கு ஓர் அடி என்று அளந்து, அதற்குமேல் ஆசைப்படாமல், மலையைச் சுற்றிச் சுற்றி எங்கள் ஊருக்குப் பாதை கொண்டுவந்தார்கள். நூறு ஆண்டுகளைக் கடந்தும் அப்பாதையில் வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. விரைவாகப் புறப்படுவது ஒரு திறமை என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், காலையில் லயத்து வாசலில் தாய்மார் ஏற்றிவிட்ட பிள்ளைகளை மாலையில் அதே வாசலில் இறக்கிவிடும் வண்டிக்கு வேறொரு திறமை வேண்டும். அந்தத் திறமைக்கே நம் மலைநாட்டுச் சாலைகளில் முதலிடம் கொடுப்போமாக.